வாசலைத் தட்டியது யார்?

காலையில் எழுந்ததும் கைப்பேசியைப் பார்க்கிறீர்கள். புதிய மின்னஞ்சல் ஒன்று வந்து காத்திருக்கிறது. "உங்கள் கணக்கினுள் ஒருவர் நுழைந்திருக்கிறார். அது நீங்கள் அல்ல என்றால் உடனே இங்கே அழுத்துங்கள்" என்கிறது அது. அது குறிப்பிடும் நேரத்தில் நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தீர்கள். அனுப்பியவரின் முகவரியோ இதுவரை நீங்கள் பார்த்திராத ஒன்று. நெஞ்சு சற்றே படபடக்கிறது. விரல் அந்தப் பொத்தானை நோக்கிப் போகிறது.

அந்த விரலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். இந்த மடல் மெய்யா பொய்யா என்று ஆராய்ந்தறிய வழிகள் உண்டு. அவற்றைக் காணும் முன், இதே போன்ற ஒரு மடல் ஒரு பெரிய நாட்டின் தேர்தலையே கலக்கிய கதையைப் பார்த்துவிடுவோம்.

2016-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல். வேட்பாளர்களில் ஒருவரான ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் பொடெஸ்டா. அந்த ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் அவருடைய ஜிமெயில் கணக்குக்கு ஒரு மடல் வந்தது. அனுப்புநர் கூகுள் என்று காட்டியது. உக்ரைன் நாட்டிலிருந்து யாரோ உங்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி நுழைய முயன்றார்கள், நாங்கள் தடுத்துவிட்டோம், உடனே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அது கூறியது. கீழே அதற்கான பொத்தானும் இருந்தது.

பொடெஸ்டாவின் அலுவலகத்தார் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்திவிடவில்லை. ஐயம் கொண்டு, கணினி உதவிப் பிரிவிடம் அனுப்பிக் கேட்டார்கள். அங்கிருந்த உதவியாளர், இது முறையான மடல்தான், கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும் என்று பதில் எழுதினார். 'முறையற்ற மடல்' என்று எழுத நினைத்ததாகவும், எழுத்துப்பிழையால் பொருள் தலைகீழாகிவிட்டதாகவும் பின்னர் அவர் செய்தியாளர்களிடம் கூறினார். அது எப்படியானாலும், அவருடைய பதிலில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கூகுளின் உண்மையான முகவரியை அவர் தனியே எழுதிக் கொடுத்திருந்தார். அந்த முகவரிக்குப் போயிருந்தால் ஒரு தீங்கும் நேர்ந்திராது. ஆனால் அழுத்தப்பட்டது பழைய மடலில் இருந்த பொத்தான். கடவுச்சொல் போலிப் பக்கத்தில் தட்டப்பட்டது. 50,000-க்கும் மேற்பட்ட மடல்கள் களவு போயின. அக்டோபர் 7 முதல் அவை விக்கிலீக்ஸ் தளத்தில் தவணை தவணையாக வெளிவந்தன. 2018 ஜூலையில் அமெரிக்க அரசு, ரஷ்ய இராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 12 பேர் மீது குற்றம் சாட்டியது. ரஷ்யா அதை மறுத்தது.

இந்தக் கதையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மடலை அனுப்பியது யார் என்பது ஒன்று. என் கணக்கின் வாசலை யாராவது உண்மையில் தட்டினார்களா என்பது மற்றொன்று. உதவியாளர் முதற்கேள்விக்குத் தவறான விடை கூறினார். ஆயினும், இரண்டாவது கேள்விக்கு விடை காணும் சரியான பாதையைக் காட்டினார். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் நம் வேலை.

அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

எழுதலாம் என்பதுதான் வியப்பான உண்மை. அஞ்சல் உறையின் மேல் 'அனுப்புநர்' என்ற இடத்தில் நீங்கள் மாவட்ட ஆட்சியரின் பெயரை எழுதித் தபால் பெட்டியில் போட்டால், தபால்காரர் தடுக்கப்போவதில்லை. பெறுநர் முகவரி சரியாக இருந்தால் கொண்டு சேர்த்துவிடுவார். மின்னஞ்சலும் அப்படியே அமைக்கப்பட்டது. கணினிகளுக்கு இடையே மடல்களைக் கொண்டு செல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையை 1982-இல் ஜொனாதன் போஸ்டல் எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் அந்த வலையில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் ஐயுற வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே அனுப்புபவர் தம்மைப் பற்றிக் கூறுவதைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அந்த விதிமுறையில் வைக்கப்படவில்லை.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. தபாலைப் போலவே மின்னஞ்சலிலும் உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு. உறையின் மேல் உள்ள முகவரி, அஞ்சலைக் கையாளும் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுவது. நீங்கள் திரையில் காணும் 'அனுப்புநர்' வரியோ கடிதத்தின் உள்ளே எழுதப்பட்டது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தொடக்கத்தில் இல்லை. மேலும், கைப்பேசியின் சிறிய திரையில் பல வேளைகளில் முகவரிகூடத் தெரிவதில்லை. 'கூகுள்', 'வங்கி' என்பது போன்ற பெயர் மட்டும் தெரிகிறது. அந்தப் பெயர், அனுப்புபவர் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். அதைத் தொட்டால்தான் உண்மையான முகவரி விரியும்.

தபாலில் பொய்ப் பெயரைக் காட்டிக்கொடுப்பது எது? தபால் முத்திரை. மதுரையிலிருந்து வருவதாகக் கூறும் கடிதத்தில் வேறு ஊரின் முத்திரை இருந்தால் விழித்துக்கொள்கிறோம் அல்லவா? மின்னஞ்சலிலும் முத்திரைகள் உண்டு. மடல் கடந்துவரும் ஒவ்வோர் அஞ்சல் கணினியும், எங்கிருந்து எப்போது பெற்றேன் என்று ஒரு வரியை மடலின் தலைப்பகுதியில் எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறது. புதிய முத்திரை பழைய முத்திரைக்கு மேலே விழும். எனவே கீழிருந்து மேலாகப் படித்தால் மடல் வந்த வழி தெரியும். இதில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். கீழே இருக்கும் முத்திரைகளை அனுப்புபவரே போலியாகச் செய்து சேர்த்திருக்கலாம். உங்கள் சொந்த அஞ்சல் நிறுவனத்தின் கணினி எழுதிய மேல்வரிகளே நம்பத்தக்கவை.

மூன்று காவலர்கள்

களவு பெருகப் பெருக, பழைய விதிமுறையின் மேல் மூன்று காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்டன.

முதலாவது எஸ்.பி.எஃப்., 2006-இல் விதியாக வெளியானது. ஒரு நிறுவனம், "என் பெயரில் மடல் அனுப்ப இன்னின்ன கணினிகளுக்கே உரிமை" என்று ஒரு பட்டியலை இணையத்தின் பொதுப் பெயரேட்டில் எழுதி வைக்கிறது. மடலைப் பெறும் கணினி அந்தப் பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இல்லாத கணினியிலிருந்து வந்திருந்தால் ஐயம் கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் இது சரிபார்ப்பது உறையின் மேல் உள்ள முகவரியை. நீங்கள் கண்ணால் காணும் முகவரியை அன்று.

இரண்டாவது டி.கே.ஐ.எம்., 2007-இல் வந்தது. மூன்றிலும் அழகானது இதுவே என்பது என் கருத்து. இது அரக்கு முத்திரை போன்றது. ஆனால் விசித்திரமான அரக்கு முத்திரை. நிறுவனத்திடம் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று இரகசியம். மற்றது எல்லாரும் பார்க்கும்படி பொதுப் பெயரேட்டில் இருப்பது. இரகசிய எண்ணைக் கொண்டு மடலின் வாசகத்தில் இருந்து ஒரு முத்திரையைக் கணக்கிட்டு ஒட்டுகிறார்கள். பொது எண்ணைக் கொண்டு அந்த முத்திரை உண்மையானதா என்று யாரும் சரிபார்க்கலாம். ஆயின், பொது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புதிய முத்திரை செய்ய இயலாது. முத்திரை காத்து நிற்கும் பகுதியில் ஒரு சொல்லை மாற்றினாலும் கணக்கு உதைத்துவிடும். சரிபார்க்கத் தெரிந்தவனுக்கும் செய்யத் தெரியாத முத்திரை என்பது பழைய அரசர்களுக்குக் கிடைக்காத வசதி! 1970-களின் பிற்பகுதியில் கணித அறிஞர்கள் கண்டுபிடித்த பொதுத்திறவி முறையின் பயன் இது. இம்முறைகளுள் புகழ்பெற்ற ஆர்.எஸ்.ஏ. முறை, மிகப் பெரிய எண் ஒன்றை அதன் பகா எண் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்ற எளிய உண்மையின் மேல் நிற்கிறது.

மூன்றாவது டிமார்க். 2012-இல் அறிமுகமான இது, முன்னவை இரண்டையும் நீங்கள் திரையில் காணும் அனுப்புநர் முகவரியோடு சேர்த்துக் கட்டுகிறது. மற்ற சோதனைகளில் தேறிய பெயரும் கண்ணுக்குத் தெரியும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனமே அறிவிக்க இடமளிக்கிறது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் கட்டாயமாக்கியது.

இந்தச் சோதனைகளின் முடிவை நீங்களும் பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மேல் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்னும் வரியைத் தேர்ந்தெடுங்கள். மடலின் மூலப் பிரதி விரியும். மேலே இந்த மூன்று பெயர்களும், அவற்றுக்கு எதிரே 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்ற தீர்ப்பும் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அச்சம் போய்விடும்.

ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூன்றும் 'பாஸ்' என்றால் மடல் நல்லது என்று பொருளன்று. எந்தப் பெயரைக் காட்டுகிறதோ அந்தப் பெயருக்கு உரியவரிடமிருந்தே வந்தது என்று மட்டுமே பொருள். திருடன் தன் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கி, மூன்று காவலையும் ஒழுங்காக அமைத்துக்கொண்டால் அவனுக்கும் 'பாஸ்' கிடைக்கும். ஆதலால் அடுத்த கேள்வி, அது யாருடைய பெயர் என்பது.

பெயரை எந்தப் பக்கமிருந்து படிப்பது?

பொடெஸ்டாவுக்கு வந்த மடலின் பொத்தானுக்குப் பின்னே இருந்தது ஒரு சுருக்கு முகவரி. அது கொண்டு சேர்த்த இடத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: மைஅக்கவுண்ட் புள்ளி கூகுள் புள்ளி காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ் புள்ளி டிகே. இடமிருந்து படிக்கும் கண்ணுக்கு முதலில் படுவது 'மைஅக்கவுண்ட் புள்ளி கூகுள் புள்ளி காம்'. அது கூகுளின் உண்மையான பக்கத்தின் பெயரே. கண் அங்கேயே நிறைவடைந்துவிடுகிறது.

இணைய முகவரியின் அதிகாரம் வலப்பக்கத்தில் இருக்கிறது. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன்பின் முதல் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். இங்கே கடைசியில் நிற்பது 'டிகே'. இது பசிபிக் கடலில் மூன்று பவளத் தீவுகளைக் கொண்ட டோகெலாவ் என்னும் சிறு நிலப்பகுதியின் அடையாளம். அந்த நாளில் இந்த அடையாளத்தில் பெயர்கள் இலவசமாகவே கிடைத்தன. அதற்கு முன் நிற்பது 'காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்'. நடுவே இருப்பது புள்ளியன்று, சிறுகோடு. ஆகவே முழுவதும் ஒரே பெயர். விலைக்கோ இலவசமாகவோ பதிவு செய்யப்பட்ட பெயர் இதுதான். இதற்கு இடப்புறம் உள்ள 'கூகுள்', 'மைஅக்கவுண்ட்' ஆகியவை, உரிமையாளர் தம் விருப்பம்போல் ஒட்டிக்கொண்ட உட்பெயர்கள். எத்தனையோ ஊர்களில் அண்ணா சாலை இருக்கிறது. உறையில் அண்ணா சாலை என்று கண்டதும் கடிதம் சென்னைக்குத்தான் என்று முடிவு செய்வோமா? கடைசி வரியில் எந்த ஊர் என்று பார்ப்போம். அதே பழக்கம் இங்கும் வேண்டும்.

சில நாடுகளில் கடைசி இரண்டு சொற்களும் சேர்ந்தே பொதுப்பெயராக அமையும். இந்தியாவில் 'கோ புள்ளி இன்', 'கவ் புள்ளி இன்' போன்றவை அப்படிப்பட்டவை. இவ்வகையில் வங்கிகளுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டது 'பேங்க் புள்ளி இன்'. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தம் இணைய முகவரிகளை இதற்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கி அல்லாதவர்கள் இப்பெயரைப் பதிவு செய்ய முடியாது என்பதே இதன் பயன்.

எழுத்திலும் ஏமாற்று உண்டு. பொடெஸ்டா நிகழ்ச்சிக்குப் பிறகு, ஏப்ரல் 6-ஆம் நாள், அதே கூட்டத்தார் கிளின்டன் குழுவினர் ஒருவரின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி ஒரு முகவரி தொடங்கி, அதிலிருந்து அக்குழுவின் முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மடல் அனுப்பியதாக அமெரிக்கக் குற்றப்பத்திரிகை கூறுகிறது. ஆங்கிலத்தின் ஆர், என் என்ற சிற்றெழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் எம் போலத் தோன்றும். இதைவிடக் கடினமானவை, வேற்றுமொழி எழுத்துகள். நம் தமிழிலேயே பாருங்கள். ஒன்றைக் குறிக்கும் ௧ என்ற இலக்கமும் 'க' என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. இரண்டைக் குறிக்கும் ௨ என்பதும் 'உ' என்பதும் அவ்வாறே. கணினிக்கோ இவை வெவ்வேறு எண்கள். அதுபோல ரஷ்ய மொழியின் சில எழுத்துகளும் ஆங்கில எழுத்துகளும் வடிவத்தில் வேறுபாடற்றவை. 2017-இல் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முற்றிலும் அத்தகைய எழுத்துகளாலேயே பதிவு செய்து காட்டினார். அதன்பின் குரோம் உலாவி திருத்தப்பட்டது. இவ்வகைப் பொய்யைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அறிமுகமில்லாத பெயர் எல்லாம் பொய்யன்று. பேஸ்புக் நிறுவனத்தின் பாதுகாப்பு மடல்கள் 'பேஸ்புக்மெயில் புள்ளி காம்' என்ற முகவரியிலிருந்து வருகின்றன. முதன்முறை பார்ப்பவருக்கு அது போலியாகவே தோன்றும். அது மெய்யானது. நிறுவனங்கள் இப்படிப் பெயரைப் பெருக்கிக்கொண்டு நம்மைக் குழப்புவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான்.

மடல் மெய், ஆனால் யார் தட்டியது?

மடல் உண்மையான நிறுவனத்திலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பதற வேண்டியதில்லை. காரணத்தைத் தேட வேண்டும்.

பல வேளைகளில் தட்டியவர் நீங்களேதான்! மடல் கூறும் ஊர், இணைய எண்ணைக் கொண்டு உத்தேசமாகக் கணிக்கப்பட்டது. திருநெல்வேலியில் இருந்தபடி கைப்பேசி வழியே நுழைந்தவருக்குச் சென்னை என்றோ பெங்களூர் என்றோ காட்டக்கூடும். கைப்பேசி நிறுவனத்தின் வலை பெரிய இணையத்தோடு கலக்கும் இடம் அங்கே இருப்பதே காரணம். நேரத்திலும் இக்குழப்பம் உண்டு. சில மடல்கள் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். அதனோடு ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். நேற்று மாலை 6 மணிக்கு நீங்கள் நுழைந்தது, மடலில் பகல் 12.30 என்று இருக்கும்.

மற்றொரு காரணம் பெயர் ஒற்றுமை. நம் பெயர்களில் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே இருப்பதால், ஒரே மாதிரி முகவரிகள் ஏராளம். ஒருவர் தம் முகவரியின் இறுதியில் உள்ள எண்ணை மறந்து எழுதினால் அது உங்கள் முகவரியாகிவிடும். ஜிமெயில், பெயரின் நடுவே உள்ள புள்ளிகளைக் கணக்கில் கொள்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கோ ஒருவர் எதிலோ சேர முயல, அதற்கான ஆறிலக்க எண் உங்களுக்கு வந்து சேர்கிறது. அந்த எண்ணால் மட்டும் உங்களுக்குத் தீங்கில்லை. தொலைபேசியில் அழைத்து யாராவது அந்த எண்ணைக் கேட்டால்தான் ஆபத்து தொடங்குகிறது.

மூன்றாவது காரணமே கவலைக்குரியது. வேறொரு தளத்திலிருந்து களவாடப்பட்ட உங்கள் கடவுச்சொல்லை, யாரோ இங்கே போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பவர்களுக்கு இது நேரும். கடவுச்சொல்லைத் தட்டிய பிறகே எண் அனுப்பும் தளம் ஒன்றிலிருந்து கேளாத எண் வந்தால், கடவுச்சொல் பிறர் கைக்குப் போய்விட்டது என்று கொள்ளலாம்.

இவற்றுள் எது என்று அறிய மடலே தேவையில்லை. மடலை மூடிவிடுங்கள். உலாவியைத் திறந்து நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டுங்கள். அல்லது அதன் செயலியைத் திறவுங்கள். பாதுகாப்புப் பகுதியில், எந்தக் கருவி எப்போது எங்கிருந்து நுழைந்தது என்ற பட்டியல் இருக்கும். கூகுளில் அண்மைக்காலப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளும், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய மடல்களின் பட்டியலுமே காணக் கிடைக்கும். மடலில் சொன்ன செய்தி மெய்யானால் அங்கேயும் இருக்கும். அங்கே ஒன்றுமில்லை என்றால், மடலை அனுப்பியவர் யார் என்ற ஆராய்ச்சியை ஓய்வு நேரத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.

எழுத்து மாற்றங்களைக் கண்ணால் பிடிக்க முடியாது என்றேன். பாஸ்கீ என்னும் புதிய முறை அந்த வேலையைக் கருவியிடமே விட்டுவிடுகிறது. இதில் தட்டுவதற்குக் கடவுச்சொல் இல்லை. முன்பு கூறிய இரகசிய எண் உங்கள் கருவியில் இருக்கும். அது எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்தப் பெயருக்கு மட்டுமே விடையளிக்கும். ஓரெழுத்து மாறினாலும் வாய் திறக்காது. உங்கள் கணக்கில் இந்த வசதி இருந்தால் அமைத்துக்கொள்ளுங்கள்.

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? அப்படியானால் உண்மையான தளத்துக்குப் போய் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே கடவுச்சொல் உள்ள மற்ற இடங்களிலும் மாற்றுங்கள். பட்டியலில் உள்ள எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தொலைபேசுங்கள். கடைசியாக, பலர் பார்க்க மறக்கும் ஓர் இடம் உண்டு. மின்னஞ்சல் அமைப்புகளில், வரும் மடல்களை வேறொரு முகவரிக்குத் தானாகவே அனுப்பிவைக்கும் வசதி இருக்கிறது. உள்ளே நுழைந்தவர் அங்கே தம் முகவரியை எழுதிவிட்டுப் போயிருந்தால், நீங்கள் பூட்டை மாற்றிய பிறகும் உங்கள் மடல்களின் நகல் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கிவிடுங்கள்.